மலையாளத்தில் மடி

என் மகனுக்கு,

முதலில் ஆசீர்வாதம். கீழே வரப்போகும் எதுவும் அதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக அதை மேலேயே எழுதிவிட்டேன். அடுத்தபடியாக 'இவ்விடம் எல்லோரும் சௌக்கியம்' என்று எழுதுவது வழக்கம். இவ்விடம் இருப்பது நான் ஒருத்தி. எனக்குச் சௌக்கியமில்லை. நீ கிளம்பிப் போய் மூன்று நாளாகிறது. போகிறபோது வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டாய்: "மயக்கம் குடுத்துக் காலை மடக்கறதுக்குச் சம்மதமா, இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள்ள டாக்டர்ட்ட சொல்லணும்மா. எதுன்னாலும் சொல்லு, நான் கோச்சுக்க மாட்டேன்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு டாக்ஸியில் ஏறிவிட்டாய். ஃபோனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஃபோனில் நான் சொல்வதை இனி நீ எதற்காக நம்ப வேண்டும்? காகிதத்தில் எழுதினால் அடித்ததும் திருத்தியதும் உனக்குத் தெரியும். இதை வித்யாவுக்கும் படித்துக் காட்டு. அவள் அம்மாவுக்கும் முழங்கால் மாற்ற நாள் பார்க்கிறார்கள் என்றாயே, அந்த மாமியும் படிக்கட்டும். எனக்கு இனி அதில் வெட்கமில்லை.

வலது முழங்காலை மாற்றி வைத்து இன்றோடு எழுபத்தெட்டு நாள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. டாக்டர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மறுநாளே நிற்க வைத்தார்கள், மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தா நெடுக நடந்தேன். 'நாங்க செய்ய வேண்டியது முடிஞ்சுது, இனிமேல் பாக்கி உங்க கையில' என்றார். அந்தப் பாக்கியைத்தான் நான் செய்யவில்லை. உள்ளே தசை ஒட்டிக்கொண்டு இறுகிவிட்டது என்று உன் எதிரிலேயே சொன்னாரே. மயக்கம் கொடுத்து, நான் தூங்குகிறபோது காலை மடக்கி அந்த ஒட்டைப் பிரித்துப் பார்க்கலாம். நாள் ஆக ஆகப் பலன் குறையும். பிரித்த அன்று சாயங்காலத்திலிருந்தே இன்னொருவர் கைபிடித்துத் தினமும் மடக்கவில்லையென்றால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இது சரியாகாமல் இடது காலைத் தொடப்போவதில்லை. இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரியாதது, நான் ஏன் பதில் சொல்லாமல் நின்றேன் என்பது.

நீ வந்த மூன்றாம் நாள், கோயிலுக்குப் போகலாம் என்று ஆட்டோ கூப்பிட்டாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். என் கால் நூற்றுப்பத்து டிகிரி மடங்குகிறது என்று நம்பித்தான் நீ வந்திருந்தாய். எனக்கு நடக்கிற ஷூ வாங்கி வந்திருந்தாய். பொன்முடிக்குக் கார் பேசியிருந்தாய், மேலே பனியில் அம்மாவை நாலு எட்டு நடக்க வைக்கிறேன் என்று வித்யாவிடம் பெருமை அடித்துக்கொண்டாய். ஆட்டோவில் நான் முதலில் பின்பக்கத்தை வைத்து, குறுக்காகச் சாய்ந்து, உன் மடிமேல் பாதி விழுந்து உட்கார்ந்தேன். வலது கால் உள்ளே வரவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"அம்மே, காலு அகத்தோட்டு வைக்கணே. போஸ்ட்டில் இடிச்சா புதிய முட்டு பின்னேயும் மாற்றேண்டி வரும்."

கம்பத்தில் இடித்தால் புது முழங்காலையும் மறுபடி மாற்ற வேண்டி வருமாம். அவன் சிரித்தான். நீ சிரிக்கவில்லை.

"அம்மா, காலை மடக்கு."

"மடக்கிண்டுதானே இருக்கேன்."

"இதுவா? நூத்திப்பத்துன்னு முந்தாநாள் கூடச் சொன்னியே?"

"இந்த ஆட்டோ சின்னதுடா. முன்னாலெல்லாம் ஆட்டோ பெரிசா இருக்கும்" என்றேன். அறுபத்தாறு வயசில், மூன்று வேளை விளக்கேற்றுகிறவள், பெற்ற பிள்ளையிடம் சொன்ன வார்த்தை அது. நீ என் முகத்தைப் பார்க்காமல் டிரைவரிடம் சொன்னாய்: "கோயில் வேண்டா சேட்டா. ஆஸ்பத்திரிக்கு விட்டுக்கோ."

அங்கே டாக்டர் அளந்து அறுபத்து நாலு என்றார். இரண்டு தடவை அளந்தார். பிறகு ஃபைலைப் புரட்டினார். ஆறாவது வாரம் காட்ட வரவேண்டியவள் வரவில்லை, ஜுரம் என்று சொல்லியிருக்கிறாள். ஜுரம் இல்லை. உன்னிடம் அன்றைக்கு டாக்டர் ரொம்பத் திருப்தி என்றார் என்று சொன்னேன். அதற்கு முன்னாலேயே, இரண்டாவது வார முடிவில், பிசியோதெரபிக்காரி வருவது நின்றிருக்கிறது. டாக்டர் ஒரு வரியை விரலால் தடவி வாசித்தார். வீட்டுக்கு வருவது நிறுத்தம், காரணம்: மடி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அம்மைக்கு மடியாயிருந்நு, அல்லே?" என்று கேட்டார், குழந்தையைக் கேட்கிற மாதிரி.

உன் மாமியார் தஞ்சாவூர்க்காரி, அவளுக்கு இது விளங்காது. மலையாளத்தில் மடி என்றால் சோம்பல், செய்ய மனசில்லாமை. பள்ளிக்கூடம் போக அழுகிற பையனுக்கு மடி. நம் ஆத்தில் மடி என்றால் வேறு. குளித்து, தனியாகக் காய்ந்த புடவையை உடுத்தி, சமைத்து, பகவானுக்கு நைவேத்தியம் கைகாட்டி முடிகிறவரை யாரும் என்னைத் தொடக்கூடாது, நானும் யாரையும் தொட மாட்டேன். பிசியோ அனுப்புகிற கிளினிக்கில் ஃபோன் எடுக்கிற பெண் கூப்பிட்டு, இனிமேல் பிசியோதெரபிக்காரி ஷீபா காலை ஆறரைக்குத்தான் வர முடியும், அதற்கப்புறம் அவளுக்கு வேறு டியூட்டி என்றாள். நான் மலையாளத்தில்தான் பதில் சொன்னேன். ராவிலே எனிக்கு மடியாணு, அதாவது காலையில் எனக்கு மடி, பதினொரு மணிக்கு மேலென்றால் வரட்டும் என்றேன். அவள் சிரித்துவிட்டு, "மடி எல்லார்க்கும் உண்டம்மே" என்றாள். எதற்குச் சிரிக்கிறாள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நாற்பது வருஷமாக இந்த ஊர்ப் பாஷை பேசுகிறவளுக்கு அந்த அர்த்தம் தெரியாததில்லை. நம் வார்த்தைக்கு அந்த அர்த்தம் ஒட்டும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். அவள் காதில் விழுந்ததை எழுதி வைத்துவிட்டாள்.

வரும் வழியெல்லாம் நான் பொருமினது நினைவிருக்கிறதா? ஊரெல்லாம் பார்க்கிற ஃபைலில் என்னைச் சோம்பேறி என்று எழுதி வைத்திருக்கிறாளே, உடனே கூப்பிட்டுத் திருத்தச் சொல்லு என்று உன்னைப் பிடுங்கினேன். நீ கையில் ஃபோனை எடுத்தே விட்டாய். எடுத்துவிட்டு, கோபமில்லாமல் கேட்டாய்.

"சரிம்மா. என்னன்னு திருத்தச் சொல்லட்டும்?"

ஃபோனை உள்ளே வைக்கச் சொன்னேன். 

மடியை நான் எப்போது பிடித்துக்கொண்டேன் என்று உனக்குச் சொன்னதில்லை. கல்யாணமாகி இந்த ஊர்க் கோயிலைச் சுற்றின கோட்டைத் தெருவுக்குள் வந்தபோது எனக்கு இருபத்தாறு. வள்ளியூர்ப் பக்கத்தில் எட்டாவதோடு நிறுத்திவிட்ட பெண். உன் தாத்தா, பாட்டி, சித்தப்பாக்கள் மூன்று பேர், உன் அத்தை, அப்பா, நான் என்று எட்டுப் பேருக்குச் சமையல். யாராவது ஒருவர் எப்போதும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். முதுகைத் தேய், சட்டைக்குப் பொத்தான் தை, காப்பி ஆறிப்போச்சு. குளித்து மடி உடுத்திவிட்டால் மட்டும் ஒருவரும் கிட்டே வர மாட்டார்கள். உன் அப்பா கூட நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் பேசுவார். அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது. அடுப்பில் சாதம் கொதிக்கிறபோது, சாலைக் கடைத்தெருவிலிருந்து பருப்பும் மிளகும் கட்டி வந்த மலையாளப் பேப்பரைத் தரையில் விரித்து வைத்துக் குந்தி உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவேன். பேப்பரைத் தொட்டால் மடி போய்விடும். ஆகையால் கரண்டிக் காம்பால் பக்கம் திருப்புவேன். அப்படித்தான் மலையாளம் படித்தேன், இங்கிலீஷும் கொஞ்சம் படித்தேன். பகவானுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். பாதிக்குப் பாதி அது எனக்குக் கிடைத்த ஒரு கதவு. முழங்கால் தேய்ந்ததும் அந்தக் குந்தலில்தான் என்று நினைக்கிறேன்.

கதவென்று வந்தால் அதற்கு வெளியே யாராவது நிற்கத்தான் வேண்டும். உனக்கு ஏழு வயசு. கோட்டை மேற்கு வாசல் பக்கம் வாடகை சைக்கிளில் விழுந்து, முழங்கால் கிழிந்து ரத்தம் கணுக்கால் வரை ஒழுகிக்கொண்டு ஓடி வந்தாய். நான் நைவேத்தியத்துக்கு உருளியைக் கையில் எடுத்திருந்தேன். 'அம்மா' என்று கையை நீட்டிக்கொண்டு நீ உள்ளே கால் வைக்கிறபோது, "தொடாதே! மடி! அங்கேயே நில்லு" என்றேன். நீ நின்றாய். அழுகையைக் கூட நிறுத்திவிட்டாய். எதிர் வீட்டு மாமி வந்து உன்னைக் கழுவி மருந்து போட்டாள். நான் கைகாட்டி முடித்து வந்து பார்த்தபோது நீ அவள் வீட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நீ அதைப்பற்றி ஒரு நாளும் பேசினதில்லை. இந்தத் தடவை, நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் நான் தத்தளித்தபோது நீ ஓடி வந்தாய். என்னையறியாமல் வாயில் அதே வார்த்தை வந்தது. நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற மாதிரியைப் பார்த்தேன். ஏழு வயசில் நின்ற அதே மாதிரி. முப்பது வருஷமாக நீ அதை மறக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நீ வெளியூரில் வேலையில் சேர்ந்த புதிது. வலது கை வரவில்லை. ரப்பர் பந்தை ஒரு வேளைக்கு ஐம்பது தடவை அமுக்கச் சொல்லியிருந்தார்கள். நான் நோட்டுப் போட்டேன். என் நோட்டுகள் உனக்குத் தெரியும். பால் வராத நாள், காஸ் மாற்றின தேதி, உனக்கு அம்மை போட்ட வருஷம் எல்லாம் அதில் உண்டு, நாற்பது வருஷத்தில் ஒரு தப்புக் கிடையாது. அதே மாதிரி அவர் கைக்கும் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவேன். ஐம்பது ஆனால்தான் காப்பி. ஒரு நாள் அவர் பதினெட்டு சொல்லிவிட்டு இருபத்திரண்டு என்றார்.

"பொய்க் கணக்கு சொல்லாதேங்கோ. பதினெட்டுக்கப்புறம் என்ன?"

"போறும்டி. கை விண்ணு விண்ணுங்கறது."

"இன்னும் முப்பத்திரண்டு இருக்கு."

அவர் கண்ணில் ஜலம் வந்தது. துடைத்துக்கொள்ள அந்தக் கை வராது, பந்தை விட்டுவிட்டு இடது கையால் துடைத்துக்கொண்டு மறுபடி பந்தை எடுத்தார். நான் முப்பத்திரண்டையும் எண்ணினேன். கை கொஞ்சம் வந்தது, கரண்டியைப் பிடித்துத் தானே சாப்பிட்டார், அதனால் நான் செய்தது சரி என்று இத்தனை நாள் இருந்தேன். சரியாகவும் இருக்கலாம். ஆனால் வலி என்றால் என்ன என்று தெரியாமல் எண்ணினேன். தெரிந்தபோது என்னால் பத்து கூட எண்ண முடியவில்லை.

அந்த வலியைச் சொல்கிறேன், உன் மாமியார் தெரிந்துகொள்ளட்டும். ஆபரேஷன் வலி மாத்திரையில் அடங்கும். இது வேறு. குதிகாலைக் கட்டிலோடு உரசிக்கொண்டே பின்னால் இழுக்க வேண்டும். ஓரிடத்தில் கால் நின்றுவிடும். அதற்கு மேல் இழுத்தால் உள்ளே துணி கிழிகிற மாதிரி இருக்கும். நாமாக இழுக்கிறபோது அந்த இடத்துக்கு முன்னாலேயே கை தானாக விட்டுவிடும். இன்னொருத்தி பிடித்தால்தான் அதைத் தாண்டும். ஷீபா வந்த நாளெல்லாம் தாண்டினாள். பாறசாலைப் பக்கத்துப் பெண், நாகர்கோவில் தமிழ் பேசுவாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் பாடுவாளாம். "பையப் பைய மடக்குங்கம்மா, நான் பிடிச்சிருக்கேன்லா" என்பாள். அவள் வருகிற சத்தம் கேட்டாலே போர்வையைக் கால்மேல் இழுத்துக்கொள்வேன். ஆறரை மணி என்று கிளினிக்கிலிருந்து சொன்னபோது மடி என் வாயில் தயாராக இருந்தது. அவள் கை என் மேல் பட வேண்டாம் என்பதும் அதில் ஒரு ஓரமாக இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று கையடித்துச் சொல்ல முடியவில்லை. அவள் கடைசியாக வந்த அன்று எழுபத்திரண்டு. அந்தக் கணக்குதான் நோட்டில் உள்ள கடைசி நிஜக் கணக்கு.

பிறகு உன் பழைய ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து நானே அளந்தேன். முதல் வாரம் எழுபத்திரண்டாகவே நின்றது. ஒரு நாள் எழுபது ஆனது. அன்று ராத்திரி நீ ஃபோனில், "இன்னிக்கு எவ்வளவும்மா? நேத்திக்கு விட ஜாஸ்தியா?" என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டாய். எழுபத்து நாலு என்றேன். சொன்னதை எழுதியும் வைத்தேன், எழுதாமல் விட்டால் அடுத்த நாள் மறந்து வேறு சொல்லிவிடுவேனே. அதற்குப் பிறகு கோணமானியை எடுக்கவில்லை. நாளொன்றுக்கு ஒன்று, சில நாள் இரண்டு, நம்பும்படியாக நடுவில் ஒரு நாள் அரை குறைத்து. நீ அந்த நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாயே, எழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது பார்த்தாயா? நிஜக் கணக்கை நான் அவ்வளவு அழகாக எழுதினதில்லை.

"நூத்திப்பத்துன்னு எழுதின அன்னிக்கு நீ என்னம்மா பண்ணிண்டிருந்தே?" என்று கேட்டாய்.

"பாராயணம் பண்ணிண்டிருந்தேன்" என்றேன். அது உண்மை. நாலு மணி நேரம் பண்ணினேன். பகவான் மடக்கித் தருவான் என்று உட்கார்ந்திருந்தேன்.

அந்த உட்கார்வையும் சொல்லிவிடுகிறேன். பூஜை அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டால் மடங்காத கால் நேரே சுவாமிக்கு நீண்டு நிற்கிறது. பகவான் முகத்துக்கு நேராகக் காலை நீட்டிக்கொண்டு எப்படி நாமம் சொல்வது? நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். இப்போது கால் சுவரைப் பார்க்கிறது, நானும் சுவரைப் பார்க்கிறேன். தரிசனம் வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும், கொஞ்ச நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்கிறது. நமஸ்காரம் பண்ணி மூன்று மாதமாகிறது. அவனுக்காக என்று சொல்லித்தான் ஷீபாவை வேண்டாம் என்றேன். கடைசியில் அவனுக்கு முன்னால் நேராக உட்காரக் கூட லாயக்கில்லாமல் செய்துகொண்டேன். யாரைக் குறை சொல்ல? அவன் வலியை வாங்கிக்கொள்கிறேன் என்று எங்கும் எழுதித் தரவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் அம்மா என்று ஒருத்தி எழுதுகிற கடிதத்தில் அது இல்லாமல் போனால் உனக்கே பயமாக இருக்கும். நீ என் பிள்ளை, கதவை அடைத்துக்கொள்ளத் தெரிந்தவன். போன மாதம் நான் கூப்பிட்டபோது வித்யா எடுத்தாள். "உங்க பிள்ளை மீட்டிங்ல இருக்காரும்மா. கிட்டப் போகப்படாது, பேசப்படாது. உங்க மடி தோத்தது போங்கோ" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. உன் முதுகு வலிக்குச் சொல்லிக் கொடுத்த எக்ஸர்சைஸை இங்கே இருந்த பத்து நாளில் நீ ஒரு நாள் கூடச் செய்யவில்லை, நாளைக்கு நாளைக்கு என்றாய். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். வித்யா முதுகைப் பிடித்துவிட வந்தால் கதவைத் திறந்து விடு. நம் உடம்பில் சில இடங்களை நாமாகத் தாண்ட முடியாது, இன்னொருத்தர் கை வேண்டியிருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழங்கால் ஆயிற்று.

நீ போன அன்று சாயங்காலம் ஷீபாவுக்கு நானே ஃபோன் பண்ணினேன். கிளினிக்கைக் கூப்பிடவில்லை, அந்தப் பெண் சிரிப்பாள் என்று. ஷீபா எடுத்ததும், மறுபடி வருகிறாயா என்று கேட்டேன்.

"ஆறரைக்குத்தான் எனக்குத் தோதுப்படும். உங்களுக்குப் பூசை இருக்கும்லா?"

"இருக்கும். நீ வா."

இன்று காலை வந்தாள். நான் குளிக்கவில்லை, விளக்கேற்றவில்லை. கட்டிலில் படுக்க வைத்து, தொடையில் ஒரு கை, கணுக்காலில் ஒரு கை வைத்தாள். வைத்தவுடனேயே அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "இது நல்லா இறுகிப் போச்சேம்மா" என்றாள். வேறு ஒன்றும் திட்டவில்லை. பிறகு அழுத்தினாள். நான் கத்தினேன்.

"கத்துங்க, கத்துங்க. கத்துனா கால் ஒண்ணும் கோவிச்சுக்காது. தெருக்காரங்க ஓடி வந்தா நான் பாத்துக்கிடுதேன்."

பகவான் பேர் வரவில்லை. 'போறும்டி, போறும்டி' என்றுதான் வந்தது. அவள் கை நிற்கவில்லை. இருபது தடவை. நான் எண்ணவில்லை, அவள் எண்ணினாள். முடிந்ததும் அளந்தாள். அறுபத்து நாலு. டாக்டர் அளந்ததேதான். மருந்துக்குக் கூட அசையவில்லை. "ஆசுபத்திரியில மயக்கம் குடுத்துச் செய்யாம இது நம்ம கையில நிக்காதும்மா. அதுக்கப்புறமும் நான் உறுதி சொல்ல மாட்டேன். நாளைக்கு வாறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். எட்டரை மணிக்குமேல் குளித்து விளக்கேற்றினேன். குற்றம் செய்த மாதிரியும் இல்லை, பாவம் கழிந்த மாதிரியும் இல்லை. கால் வலித்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

பதிலுக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லத்தான் மூன்று நாளாக வார்த்தை தேடினேன். அறுபத்து நாலில் ஒரு கிழவி வாழ முடியாதா? படியை ஒவ்வொன்றாக ஏறலாம், ஆட்டோவுக்குப் பதில் டாக்ஸி இருக்கிறது, கோயிலுக்குப் போகாவிட்டால் அவன் ஒன்றும் தேட மாட்டான். நியாயமாக ஒரு பத்துக் காரணம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ரொம்ப அழகாக வந்தது. அழகாக வந்ததனாலேயே கிழித்துப் போட்டேன்.

சம்மதம். ஆனால் கால் வரும் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன் என்று நினைக்காதே, எனக்கு அது இல்லை. இனிமேல் விடாமல் செய்வேன் என்று உனக்கு வாக்கும் கொடுக்க மாட்டேன், என் வாக்கின் லட்சணம் உனக்குத் தெரியும். எத்தனை டிகிரி என்று என்னைக் கேட்காதே. ஷீபா நம்பரைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவளைக் கேள். அவளிடம் நான் வேண்டாம் என்று சொன்னால், என் பேச்சைக் கேட்காமல் உள்ளே வரச் சொல்லு. வாசல் சாவி ஒன்றை இன்று காலை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் நீயே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி நாள் வாங்கிவிடு. வெள்ளிக்கிழமை வரை வைத்திராதே. நான் பண்ணுவேன் என்று காத்திருக்காதே, நான் பண்ணினால் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன்.

உன் அம்மா